நீ கேட்ட ஒரு முழம்

என் கொழுந்தன் தங்கவேலுக்கு,

சோறு வடித்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். வருகிற ஐப்பசி வந்தால் நீ போய் ஒரு வருஷம். பள்ளிக்கூட ஆண்டு மலரில் உன்னைப் பற்றி எழுத ஆள் தேடினார்கள். தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்து, "நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். "நாலாங்கிளாஸ் படிச்சிருக்கேன் தாயி, அது போதும்" என்றேன். எழுதினால் அவனுக்குத்தான் எழுதுவேன் என்றும் சொல்லிவிட்டேன். ஊர் வேண்டுமானால் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதி. நீ கேட்ட ஒரு முழம் தோண்டியாகிவிட்டது, தங்கவேலு. கண்மாய்க்கரைப் பட்டவன்சாமி கல்லின் அடிப்பாதியை இந்த மாசியில் ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன்.

அங்கே என்ன இருந்தது என்று இப்போதே சொல்லிவிட ஆசைதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவன் நீ, இன்னும் நாலு பக்கம் காத்திரு. அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. யார் யார் உன்னை என்னென்ன பேசினார்கள் என்பது ஊருக்கு மறந்து போயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது நீ எட்டாம் வகுப்பு. வந்த மூன்றாம் நாள் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் என்னை வரைந்து வைத்திருந்தாய். வலது புருவத்துத் தழும்பையும் விடவில்லை. புதுப்பெண்ணை யாராவது தழும்போடு வரைவார்களா?

"நல்லா இல்லையா மதினி?" என்றாய்.

"நல்லாத்தேன் இருக்கு. தழும்பு எதுக்குடா?"

"இருக்குல்ல."

அவ்வளவுதான் பதில். அன்றைக்குக் கோபத்தில் சாணியைக் குழைத்துச் சுவரோடு சேர்த்து மெழுகிவிட்டேன். மெழுகியிருக்கக்கூடாது. என்னை வேறு யாரும் வரைந்ததில்லை.

அந்த "இருக்குல்ல"வைத்தான் நீ ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். நம் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கே ஓவிய வாத்தியாராக வந்தாய். முதல் வகுப்பில் ஆளுக்கொரு கத்தரிக்காயை மேசையில் வைத்து வரையச் சொன்னாயாமே. பிள்ளைகள் மினுமினு என்று வரைந்து கொண்டுவர, "காயில புழு துளைச்ச ஓட்டை இருக்குல்ல, அது எங்க?" என்று கேட்டு எல்லாருடைய தாளையும் திருப்பிக் கொடுத்தாயாம். "வாத்தியாரு சொத்தைக் கத்தரிக்காய் வரையச் சொல்றாரு" என்று அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். சண்டை எல்லாம் என்னிடம்தான் வரும். உன்னிடம் வந்தால் நீ சிரித்துவிடுவாய், அவர்களுக்குப் பேச்சு வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் தாள் சுருளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். எழுத்தும் உருவமும் கொத்தின பழங்கல்லைத் தேடிக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி, அதன்மேல் மை ஒற்றி எடுத்தால் கல்லில் இருப்பது தாளுக்கு வந்துவிடும். அந்தப் பிரஷ் என் துணி துவைக்கிற பிரஷ். வாங்கிய அன்றே காணாமல் போய், ஆறு மாசம் கழித்துக் கரேர் என்று திரும்பி வந்தது. அதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை.

சின்னமனூருக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, அதையும் சொல்லிவிடுகிறேன். கேசரி தட்டு வந்துவிட்டது, பெண் வந்துவிட்டாள், மாப்பிள்ளையைக் காணோம். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவன் மாட்டுத்தொழுவத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். மாடு கட்டின கல்லில் எழுத்து இருக்கிறதாம். வேட்டியெல்லாம் சாணி. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை எம்மகளைப் பாக்க வந்தாகளா, எங்க மாட்டைப் பாக்க வந்தாகளா?" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. கூடலூர் வந்துசேரும் வரைக்கும் நீ மட்டும், "அந்த மூணாவது எழுத்துத்தேன் மதினி பிடிபடல" என்று புலம்பிக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை நானும் எடுக்கவில்லை. உன் சாப்பாட்டுத் தட்டு கடைசிவரை என் அடுப்படியில்தான் இருந்தது.

ஆனால் நீ என்னை மதித்த மாதிரி இந்த ஊரில் யாரும் மதித்ததில்லை. எந்த வாய்க்கால் எங்கே ஓடியது, யார் தோட்டத்துக் கிணற்றுக்கு என்ன பேர், எந்தக் களத்துமேட்டில் யாருக்கும் யாருக்கும் அடிதடி நடந்தது என்று என்னைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாய். பள்ளிக்கூடத்து நீளச் சுவரில் பிள்ளைகளோடு ஊர்ப்படம் வரைந்தாயே, அதில் பாதி நான் சொன்னது. வெள்ளையடிக்க வந்தவர்கள் இன்றைக்கு வரைக்கும் அந்தச் சுவரை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்கள். நீ போன பிறகு நோட்டுகளைத் தூசி தட்டும்போது பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கீழே, 'சொன்னவர்: பேச்சியம்மாள், மதினி' என்று எழுதியிருக்கிறாய். ரேஷன் அட்டையிலும் ஓட்டு அட்டையிலும் தவிர என் பேரை யார் எழுதிப் பார்த்தேன்?

இனி பட்டவன்சாமிக்கு வருகிறேன்.

தெரியாதவர்கள் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். ஊருக்காகச் செத்த ஆளுக்கு நட்ட கல் அது. கண்மாய்க்கரையில் இடுப்புக்கு மேல் வெளியே, இடுப்புக்குக் கீழ் மண்ணுக்குள். விரல் கனத்துக்கு எண்ணெயும் சந்தனமும் ஏறிக் கரும்பாறை மாதிரி இருக்கும். ஓங்கின கையும் அதில் ஏதோ ஆயுதமும் தெரியும். மாசிப் படைப்புக்கு அதற்கு வேட்டி கட்டுவார்கள், தலைப்பாகை கட்டுவார்கள், சுருட்டுப் பற்றவைத்து முன்னால் வைப்பார்கள். ஆண்கள்தான் பொங்குவார்கள். பெண்கள் புளியமரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். மரத்து வேரிலிருந்து முன்னால் ஓர் எட்டு வைக்கக்கூடாது.

நான் வைத்தேன். என் மகள் செல்விக்கு அப்போது நாலு வயது. ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கல்லைப் பார்த்து ஓட, அவள் அதன் பின்னால் ஓட, பொங்கப் பானை மூன்று கொதித்துக்கொண்டிருக்கிற இடம் அது. நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் கல்லுக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

பூசாரி சடையாண்டி மாமா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "கெடுத்துட்டாளே! பட்டவன் முன்னால பொம்பளை காலு!" பொங்கலை நிறுத்தினார்கள். கண்மாயிலிருந்து இருபத்தோரு குடம் தண்ணீர் சுமந்துவந்து, என்னை மரத்தடியில் நிற்க வைத்து, நான் பார்க்கப் பார்க்கக் கல்லைக் கழுவினார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் எண்ணிக்கை சொல்லி ஊற்றினார்கள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இப்போது அவரும் உன் பக்கத்தில்தான் எங்காவது இருப்பார். நான் மறக்கவில்லை என்று அவரிடமும் சொல்லு.

நீயும் அன்றைக்கு அங்கேதான் நின்றாய். நீயும் ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷக்கணக்காக அதை உன்மேல் ஒரு குறையாக வைத்திருந்தேன்.

நீ வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆன பிறகு, மாசிப் படைப்புக்கு முந்தின ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாய். சாவடிச் சுவருக்கு வெளியே நின்று நாங்கள் நாலைந்து பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நம்ம பட்டவன் கல்லு பொம்பளைக்கு நட்ட கல்லா இருக்கலாம்னு எனக்குத் தோணுது. கொண்டை பக்கவாட்டுல இருக்கு, கையில அஞ்சு வளையல் இருக்கு. ஒரு முழம் தோண்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றாய்.

அப்புறம் சடையாண்டி மாமா எழுந்தார்.

"ஏலே வாத்தியாரே, பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லிக் குடுக்கத்தான ஒன்னைய கவர்மெண்டு வச்சிருக்கு? சாமிக்குச் சேலை கட்டிவிடவா வச்சிருக்கு?"

சாவடியே சிரித்தது.

"அந்தக் காலத்து ஆம்பளையும் கொண்டை போட்டான். அது வளையல் இல்ல, காப்பு."

எனக்குப் பொறுக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே, "காப்பு ஒரு கைக்கு அஞ்சா போடுவாக?" என்று கத்தினேன்.

"கொழுந்தனும் மதினியும் சேந்து பட்டவனுக்குப் பூ முடிக்கப் போறாகளாம்டோய்" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியும். அவர் பேரன் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். இந்த மலர் அந்த வீட்டுக்கும் போகும்.

நீ என்ன செய்தாய்? "மாமா சொல்றதும் சரியா இருக்கலாம். அந்தக் காலத்து ஆம்பளைக்கும் கொண்டை உண்டு, பல கல்லுல பாத்திருக்கேன். அதனாலதேன் தோண்டிப் பாப்போம்ங்கிறேன்" என்றாய். எதிராளிக்கு நீயே கத்தியைத் தீட்டிக் கொடுத்தாய்.

அதிலிருந்து வருஷா வருஷம் மாசிக் கூட்டத்தில் நீ எழுவாய், அதே வார்த்தையைக் கேட்பாய், அவர்கள் மாட்டோம் என்பார்கள், நீ உட்காருவாய். "வாத்தியாரு முழம் வந்துருச்சு, கிளம்புங்கப்பா" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துபோவது வழக்கமாகவே ஆகிவிட்டது. கூட்டம் முடிந்ததற்கு உன் கேள்விதான் அடையாளம்.

உன்னிடம் படித்து, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற இரண்டு பேர் ஒரு தடவை வந்து, "ஒரு கடப்பாரை, ஒரு மணி நேரம், சார். ஆருக்கும் தெரியாமப் பாத்துட்டு மூடிருவோம்" என்றார்கள். நான் கதவு ஓரத்தில் நின்று, சரி என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அது அவுக சாமிப்பா. அவுகளே காட்டணும்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாய்.

அப்புறம்தான் அந்தப் படம். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மணலில் உட்கார்ந்து, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பார்த்து, கல் அளவுக்கே ஒரு பெரிய தாளில் அதை வரைந்தாய். கொண்டை, ஓங்கின கை, மணிக்கட்டில் ஐந்து கோடு, கீழே இறங்கி மண்ணுக்குள் மறைகிற இடது கை. இடுப்போடு நிறுத்திவிட்டாய். கீழ்ப்பாதித் தாள் வெறும் வெள்ளை. பள்ளிக்கூடத்தில் மாட்டியபோது, "வாத்தியாருக்கு மை தீந்துபோச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை.

நான் அன்றைக்கு உன்னிடம் கெஞ்சினேன். "ஒரு கொசுவத்த வரைஞ்சு விடுடா. ரெண்டு கொலுசு. படத்துல பொம்பளையாப் பாத்துப் பாத்து ஊரு பழகிரும்."

"நான் பாக்கல மதினி."

"எனக்காக வரையேன்."

"ஒங்களுக்காகத்தேன் வரையல."

தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன். ஒரு மாசம் உன்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? சோறு போடுவேன், ரசம் ஊற்றுவேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். எனக்காக ஒரு கோடு பொய்யாக இழுக்கமாட்டாயா என்றுதான் என் ஆத்திரம். முப்பதாவது நாளோ என்னவோ, நீயே வாய் திறந்தாய்.

"அந்த வளையலை நான் எப்பப் பாத்தேன்னு கேக்கவே இல்லையே மதினி."

நான் கரண்டியால் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒங்களைய நிக்க வச்சு இருபத்தோரு குடம் ஊத்துனாகளே, அன்னைக்கு. பத்துப் பன்னெண்டாவது குடத்துல மேலிருந்த சந்தனம் கரைஞ்சு ஓடிருச்சு. சாயங்கால வெயில் சாய்வா அடிச்சது. கோடு தெரிஞ்சது. அஞ்சு. எண்ணிக்கிட்டே நின்னேன். அதனாலதேன் வாய் வரல."

என் கால் பட்ட அழுக்கைக் கழுவுகிறோம் என்று ஊற்றிய தண்ணீர்தான் அதை உனக்குக் காட்டிக்கொடுத்ததா? நீ பேசாமல் நின்றதை ஒரு குறையாகக் கட்டிக்காத்தேனே, அது அன்றைக்கு என் கையை விட்டுப் போனது. ரசத்தை ஊற்றிவிட்டு, "அப்பளம் வேணுமா?" என்று கேட்டேன். நாம் சமாதானமானது அப்படித்தான்.

நீ போன ஐப்பசியில் மழை. ஆனாலும் உன்னிடம் படித்த மூன்று தலைமுறைப் பிள்ளைகள் வந்தார்கள். திருப்பூரிலிருந்து, குமுளியிலிருந்து, பஸ் பிடித்து, கார் பிடித்து. நாற்பது வயது ஆட்கள் கத்தரிக்காய்க் கதையைச் சொல்லி அழுதார்கள். சடையாண்டி மாமாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எண்பது வயசுக் கிழவர். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

தை பிறந்ததும் கோயில் வேலை ஆரம்பித்தது. வெளியூரில் வேலை பார்க்கிற இளவட்டங்கள் சேர்ந்து பட்டவன்சாமிக்குக் கிரானைட் மேடை கட்டுகிறார்கள் என்றார்கள். நல்லது என்று இருந்தேன். ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு ராசாத்தி, "கல்லைச் சுத்தி முட்டளவு காங்கிரீட் போடப்போறாகளாம் மதினி, கலவை மிஷினு வந்துருச்சு" என்றாள். காங்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் யார் தோண்ட முடியும்? உன் முழம் என்றைக்கும் முழமாகவே போய்விடும்.

நீ ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தப் பாதிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி, சேலையில் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. புளியமரத்து வேர்வரைக்கும் போய் நின்றேன்.

"நிப்பாட்டுங்கடா!"

மிஷினை நிறுத்தினார்கள். "என்ன ஆத்தா?" என்றான் ஒரு இளவட்டம்.

"நான் கோட்டைத் தாண்ட வரல. என் கொழுந்தன் படம் தாண்டட்டும். அதை வாங்கி அந்தக் கல்லுக்குப் பக்கத்துல பிடிங்க."

கைமாறிக் கைமாறிப் படம் முன்னால் போனது. மேல்பாதி கல்லுக்கும் மேல்பாதிப் படத்துக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. கீழே கல்லுக்கு மண், படத்துக்கு வெள்ளை.

"ஒரு முழம் தோண்டிப் பாத்துட்டு அப்புறம் கொட்டுங்க. ஆம்பளையா இருந்தா நான் இந்த மரத்தடியில விழுந்து கும்பிட்டுட்டுப் போறேன்" என்றேன்.

ஆளாளுக்குப் பேசினார்கள். சாமி காலடியில் கடப்பாரை போடுவதா என்றார்கள், கலவை இறுகிப்போகும் என்றார்கள். அப்போது கொத்தனார் பாண்டி கரணையைக் கீழே போட்டான். உன்னிடம் படித்தவன்தான்.

"நான் போட்ட கத்தரிக்காயை மூணு தடவை திருப்பிக் குடுத்தாரு எங்க சார். பாக்காம ஒரு கோடு போடவிட மாட்டாரு. நானும் பாக்காமக் கொட்டமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கங்க."

எல்லாரும் சடையாண்டி மாமாவைப் பார்த்தார்கள். பூசை இப்போது அவர் மகன் பண்ணினாலும் சொல் அவருடையதுதான். அவர் உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக இருந்த பாதியைக் கையால் ஒரு தடவை தடவினார்.

"இவ்வளவு காலத்துல ஒரு நாளாச்சும் களவாத் தோண்டியிருக்கலாம். தோண்டல. என்னையக் கேட்டுக்கிட்டேதேன் செத்தான்" என்றார். அப்புறம், "தோண்டுங்கடா. கடப்பாரை வேணாம், கையால" என்றார்.

பாண்டியும் இன்னும் நாலு பேரும் மண்வெட்டிகூட இல்லாமல் கையால் பறித்தார்கள். நான் மரத்தடியில் நின்றேன். எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ ஊற்றினார்கள். என்னடா, என்னடா என்கிறேன், ஒருத்தனும் திரும்பவில்லை.

"ஏ பேச்சி" என்றார் சடையாண்டி மாமா, திரும்பாமலே. "அங்கன நின்னா ஒனக்குக் கண்ணு தெரியுமா? இங்கன வந்து பாரு."

வேரிலிருந்து கல்லுக்கு இருபத்தேழு எட்டு. எண்ணிக்கொண்டுதான் போனேன். அன்றைக்கு ஓடினபோது எண்ணவில்லை.

இப்போது சொல்கிறேன், தங்கவேலு. கேட்டுக்கோ.

மண்ணுக்குள் இருந்த பாதிக்கு எண்ணெய் இல்லை, சந்தனம் இல்லை. நேற்றுக் கொத்தினதுபோல இருந்தது. சேலைக் கொசுவம், அடுக்கடுக்காக. காலில் தண்டை, இரண்டு காலிலும். பொம்பளைதான். வலது பக்கம் பின்னங்காலில் எழுந்து நிற்கிற சிறுத்தை, ஓங்கின அரிவாளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு. கீழே இறங்கி மறைந்த இடது கையில் என்ன இருக்கும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாயே, 'ஆட்டுக் கயிறாக இருக்கலாம், தெரியவில்லை' என்று. கயிறு இல்லை. அதில் ஒரு சின்னப்பிள்ளையின் கை. அவள் இடுப்புயரம்கூட இல்லாத பிள்ளை, அவள் கொசுவத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கையை அவள் இறுகப் பிடித்திருக்கிறாள்.

பிள்ளையின் கையைப் பிடிக்கப் போனவளைக் கழுவ இருபத்தோரு குடம் ஊற்றினார்களே, யார் தலையில் ஊற்றினார்கள்?

அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சடையாண்டி மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லில் மேலே ஏற்றிச் செருகியிருந்த பழைய வேட்டியைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

அன்று சாயங்காலம் என் வாசலுக்கு வந்தார். "ஆத்தா, மொதச் சேலை ஒன் வீட்டுலருந்து வரட்டும்."

"இருபத்தோரு குடம், மாமா."

"மறந்துரு ஆத்தா."

"மறக்கமாட்டேன்" என்றேன். உட்காரச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகு அரக்குச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சேலை கொடுத்தது வேறு, மறப்பது வேறு. அவருக்கும் அது தெரியும்.

அப்புறம் மதுரைத் தொல்லியல் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். எழுத்து எதுவும் இல்லை, பேர் தெரியாது, ஆனால் பெண்ணுக்கு எடுத்த கல் அபூர்வம் என்றார். "முதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார். "எங்க வாத்தியாரு" என்றார் சடையாண்டி மாமா. எங்க வாத்தியாராம். அதே வாய்தான். சாமிக்குச் சேலை கட்டிவிடவா வச்சிருக்கு என்று கேட்ட அதே வாய். நான் பக்கத்தில் நின்று, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கேட்டேன். கோபம் இல்லாமல் நான் பேசாமல் நின்றது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

மேடை கட்டியாயிற்று. அடி தெரிகிற மாதிரி முன்னால் குழிவாக விட்டுக் கட்டியிருக்கிறான் பாண்டி. பெண்கள் முன்னால் நின்று பொங்கல் வைத்தோம். செல்வியிடம் போனில் சொன்னேன். "எனக்கு அந்த ஆட்டுக்குட்டியே ஞாபகம் இல்லம்மா" என்கிறாள். இருக்கட்டும், அவள் பங்குக்கும் நான் வைத்திருக்கிறேன்.

ஒரு சேதி பாக்கி. உன் படத்தின் கீழ்ப்பாதியை நிரப்பிக் கொடுக்கிறேன் என்று புதிதாக வந்த ஓவிய டீச்சர் கேட்டது. நல்ல பிள்ளைதான், கையும் நல்ல கை. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ பார்க்காததை உன் தாளில் யாரும் வரையக்கூடாது. நான் இருக்கும்வரை அந்த வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். எனக்கு அப்புறம் படம் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அப்படியே இருக்கவேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் எழுதி வாங்கிவிட்டேன். இது என் சத்தியம்.

ஆனால் நான் பார்த்தேனே, தங்கவேலு. பார்த்தவள் வரையலாம் இல்லையா? உன் பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பது வெள்ளிக்கிழமை கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்த வயசில், படம் போட்டுப் பழகாத கை. சிறுத்தை பூனை மாதிரி வந்திருக்கிறது. கொசுவம் கோணல். கை பிடித்திருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் தேறும் என்று டீச்சர் சொன்னது. இந்தக் கடிதத்துக்குக் கீழே அதைத்தான் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளையின் மூக்கு கல்லில் உடைந்து போயிருக்கிறது. முழுசாகவே வரைந்துவிடுங்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள். உடைந்த மாதிரியே வரைந்திருக்கிறேன்.

இருக்குல்ல.

உன் மதினி,
பேச்சியம்மாள்